பழைய வரைபடம் பழசாகத் தெரிவதில்லை: கிளைடர் கருவிகளும் மாறிக்கொண்டே இருக்கும் வான்வெளியும்

எல்ரி ஜெப்பசன் என்ற அமெரிக்க அஞ்சல் விமானி பத்து சென்ட் கொடுத்து ஒரு கறுப்புக் குறிப்பேடு வாங்கினார். தான் பறக்கும் தடத்தில் எந்த வயலில் இறங்கலாம், எந்தத் தடை எவ்வளவு உயரம் என்று கைப்பட அதில் எழுதிவந்தார். சக விமானிகள் கேட்டு வாங்கத் தொடங்கவே, 1934-இல் அதை அச்சிட்டு விற்கலானார். உலகின் பெரிய விமான வரைபட நிறுவனங்களில் ஒன்று அப்படித்தான் பிறந்தது.

காகிதக் குறிப்புக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அடித்தல் திருத்தல், மங்கிய மை, மடிப்பில் கிழிந்த ஓரம் எல்லாம் சேர்ந்து அதன் வயதைச் சொல்லிவிடும். இன்றைய கிளைடரின் முகப்பில் இருக்கும் திரைக்கு அந்தக் குணம் இல்லை. நேற்று இறக்கிய கோப்பையும் மூன்று ஆண்டு பழைய கோப்பையும் அது ஒரே பளபளப்போடு காட்டும்.

கிளைடருக்கு எஞ்சின் கிடையாது. இழுவை விமானமோ வின்ச்சோ மேலே ஏற்றிவிட்டபின், சூடேறி எழும் காற்றான தெர்மலில் வட்டமடித்து உயர்ந்து, அந்த உயரத்தைச் செலவழித்து முன்னேற வேண்டும். நல்ல கோடை நாளில் 500 கிலோமீட்டர் பறப்பது ஐரோப்பியக் கிளப்புகளில் புதுமையல்ல. அத்தனை தூரத்தில் விமான நிலையக் கட்டுப்பாட்டு மண்டலங்கள், ராணுவப் பகுதிகள், பாராசூட் குதிக்கும் இடங்கள் எனப் பல வேலிகள் குறுக்கிடும். வானத்தில் கம்பி வேலி இல்லை. அது கோப்பில் மட்டுமே இருக்கிறது. அந்தக் கோப்பை யார் எழுதுகிறார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள், தவறினால் யார் பொறுப்பு என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இருபத்தெட்டு நாள் கடிகாரம்

அரசுகளின் பக்கம் ஓர் ஒழுங்கு இருக்கிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ 1964-இல் ‘ஏராக்’ என்ற முறையைக் கொண்டுவந்தது. வான்வெளி எல்லை, விமானத் தடம், ரேடியோ அலைவரிசை போன்றவற்றை நினைத்த நாளில் மாற்றக் கூடாது. 28 நாளுக்கு ஒருமுறை வரும் பொது நாளில்தான் மாற்றம் நடைமுறைக்கு வர வேண்டும். அந்த நாள் உலகெங்கும் வியாழக்கிழமை. மாற்றம் பற்றிய ஆவணம் 42 நாள் முன்பே வெளியாகி, குறைந்தது 28 நாள் முன்பாவது பயன்படுத்துவோர் கையில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு வழக்கமாக 13 சுற்றுகள். 2020-இல் முதல் சுற்று ஜனவரி 2-ஆம் தேதி விழுந்ததால் டிசம்பர் 31-இல் பதினான்காவதும் வந்துவிட்டது.

பயணிகள் விமானத்துக்கு இந்தக் கடிகாரம் பொருந்தும். அதன் கணினியில் ஏறும் தரவைத் தயாரிக்கும் நிறுவனங்களுக்குத் தர விதிகள் உண்டு. மூலத்திலிருந்து விமானி அறைவரை ஒவ்வொரு கையிலும் சரிபார்ப்பு உண்டு. விமான நிறுவனம் அதற்குப் பணம் கட்டுகிறது. கிளைடரின் கருவி அந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிற்கிறது. சட்டத்தின் பார்வையில் அது விமானிக்கு உதவும் ஒரு துணைப்பொருள். எல்லை மீறினால் ‘என் கருவி காட்டவில்லை’ என்ற பதில் செல்லாது. ஆனாலும் நடப்பில் விமானியின் கண் போவது அந்தத் திரைக்குத்தான்.

ஆக, அரசு மாதந்தோறும் மாற்றுகிறது, அதை முறையாக அறிவிக்கவும் செய்கிறது. அறிவிப்புக்கும் கருவிக்கும் நடுவில் இருக்கும் பாதைதான் சிக்கல்.

உரைநடை கோப்பாகும் இடம்

அரசு வெளியிடும் ஆவணத்தில் ஒரு வான்வெளி எல்லை வாக்கியமாக எழுதப்பட்டிருக்கும். இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு நேர்கோடு, பிறகு விமான நிலையத்தை மையமாகக் கொண்ட எட்டு கடல்மைல் வட்டத்தின் வில்லில் வலஞ்சுழியாக இன்னொரு புள்ளிவரை, பிறகு தொடங்கிய இடத்துக்கு. இதைக் கருவி படிக்கும் மொழிக்கு மாற்ற வேண்டும்.

அந்த மொழிகளில் பரவலானது ‘ஓப்பன்ஏர்’. வின்பைலட் என்ற பழைய கிளைடர் மென்பொருளோடு பிறந்து, பிறகு ஏறத்தாழ எல்லாக் கருவிகளும் ஏற்றுக்கொண்ட எளிய எழுத்துக்கோப்பு அது. ஒவ்வொரு வரியும் இரண்டொரு எழுத்தில் தொடங்கும். ‘ஏசி’ என்றால் வகை, ‘ஏஎன்’ என்றால் பெயர், ‘ஏஎல்’ என்றால் தரைமட்டம் போன்ற கீழ் எல்லை, ‘ஏஎச்’ என்றால் மேல்கூரை. அதன்பின் புள்ளிகளும் வில்களும். நட்சத்திரக் குறியில் தொடங்கும் வரி மனிதருக்கான குறிப்பு. கருவி அதைத் தாண்டிப் போய்விடும். கோப்பைத் தொகுத்தவர் தேதியையும் எச்சரிக்கையையும் அந்த நட்சத்திர வரியில்தான் எழுதுவார்.

இதை எவரும் திறந்து படிக்கலாம், கையால் திருத்தலாம். ஓப்பன்ஏர் நீடித்து நிற்பதற்கு இதுவே காரணம். அதன் பலவீனமும் இதுவே. வில் எந்தப் பக்கம் சுழல வேண்டும் என்பதை ஒரு கூட்டல் அல்லது கழித்தல் குறி தீர்மானிக்கிறது. குறி மாறினால், சுற்றிப்போக வேண்டிய எல்லை மறுபக்கமாக வளைந்து மண்டலத்தின் உருவத்தையே மாற்றிவிடும். இது கண்ணில் பட்டுவிடும் தவறு, ஆகவே ஆபத்து குறைவு. கீழ் எல்லையில் 3,500 அடி 5,500 அடியாகிவிட்டால் திரையில் எந்த விகாரமும் தெரியாது.

உயரத்தைக் குறிப்பதிலும் மூன்று வழக்கங்கள் உண்டு. சில எல்லைகள் கடல்மட்டத்திலிருந்து, சில நிலத்திலிருந்து, சில, நிலையான காற்றழுத்தமான 1013 ஹெக்டோபாஸ்கலை அடிப்படையாகக் கொண்ட பறப்பு மட்டத்தில். கடைசி வகை, வானிலையோடு சேர்ந்து ஏறி இறங்கும். அன்றைய அழுத்தம் 1003 என்றால், 65 என்ற பறப்பு மட்டம் கடல்மட்டத்திலிருந்து 6,500 அடியில் இல்லை. ஏறக்குறைய 6,200 அடிக்கு இறங்கிவிட்டது. கோப்பு சரியாக இருந்தும், காலையில் அழுத்தத்தைக் கருவியில் பதியாதவர் 300 அடி பிசகோடு பறக்கிறார். தரவு நடப்பில் இருக்க வேண்டும் என்பதற்குள் அன்றைய காற்றும் அடங்கும்.

இன்னொரு சங்கடம், வகைகள் பெருகுவது. ஓப்பன்ஏர் பிறந்தபோது ஆங்கில எழுத்தால் குறிக்கும் வான்வெளி வகுப்புகளும், தடை, கட்டுப்பாடு, அபாயம் என்ற சில பெயர்களும் போதுமாக இருந்தன. பின்னர் டிரான்ஸ்பாண்டர் கட்டாய மண்டலம், ரேடியோ கட்டாய மண்டலம் என்று புதியவை வந்தன. ஜெர்மனியில் 2014 டிசம்பரில் பழைய ‘எஃப்’ வகுப்பு போய் ரேடியோ கட்டாய மண்டலங்கள் வந்தன. புதிய வகைப் பெயரை அறியாத பழைய கருவிக்குப் புதிய கோப்பைக் கொடுத்தாலும், அதை எப்படிக் காட்டுவது, எதற்கு எச்சரிப்பது என்று அதற்குத் தெரியாது. கோப்பைப் புதுப்பித்தால் மட்டும் போதாது, அதைப் படிக்கும் மென்பொருளும் கூடவே வளர வேண்டும்.

ஒரு வியாழக்கிழமை

ஒரு கோட்டின் பின்னால் எவ்வளவு கதை இருக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ நல்ல சாட்சி. தொழிலதிபர்களின் ஜெட் விமானங்கள் வந்துபோகும் நிலையம் அது. அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் லாஷம் என்ற பெரிய கிளைடர் கிளப் இருக்கிறது. ஃபார்ன்பரோவைச் சுற்றிக் கட்டுப்பாட்டு வான்வெளி அமைக்க 2018 ஜூலையில் பிரிட்டன் விமானத் துறை ஒப்புதல் தந்தது. லாஷம் கிளப் நீதிமன்றம் போனது; 2019-இல் தோற்றது. 2020 பிப்ரவரி 27, ஏராக் வியாழக்கிழமை, புதிய வான்வெளி நடைமுறைக்கு வந்தது. அது ஒரே வட்டமும் அல்ல; வெவ்வேறு கீழ் எல்லைகளோடு அடுக்கிவைத்த பல துண்டுகள்.

அடுத்த மாதம் 23-ஆம் தேதி பிரிட்டனில் கொரோனா பொதுமுடக்கம். கிளைடர்கள் டிரெய்லருக்குள் முடங்கின. மீண்டும் வெளியே வந்தபோது, சீசன் தொடங்கும் வழக்கமான சடங்குகளில் பல கலைந்துபோயிருந்தன. குளிர்காலம் முடிந்ததும் பயிற்சியாளர் எல்லோரையும் உட்காரவைத்து ‘இந்த வருஷம் என்ன மாறியிருக்கிறது’ என்று சொல்லும் கூட்டம் அவற்றில் முக்கியமானது. இப்போது ஒரு விமானியை நினைத்துப் பாருங்கள். போன கோடையில் தாராளமாக வட்டமடித்த அதே இடம், அதே வயல்கள், அதே மேகம். அவர் திரையில் போன ஆண்டின் கோப்பு. அதில் அந்த இடம் வெறுமையாகத்தான் இருக்கும். வெறுமை இரண்டு வகை: இங்கே ஒன்றும் இல்லை என்பது ஒன்று; இங்கே இருப்பது எனக்குத் தெரியாது என்பது இன்னொன்று. திரை இரண்டையும் ஒன்றாகவே காட்டுகிறது.

வழிப்புள்ளிக்கு அரசு இல்லை

வான்வெளிக்காவது ஒரு மூல ஆவணம் உண்டு. வழிப்புள்ளிகளின் நிலை வேறு. 1990-களின் நடுப்பகுதி வரை, கிளைடர் விமானி ஒரு திருப்புப் புள்ளியைச் சுற்றியதற்குச் சாட்சி அவர் எடுத்த புகைப்படம். அதனால் ரயில்வே சந்திப்பு, ஆற்றுப் பாலம், கோபுரம் போல மேலிருந்து பளிச்செனத் தெரியும் இடங்களையே பட்டியலில் வைத்தார்கள். ஜிபிஎஸ் பதிவுக்கருவி வந்தபின் படம் போயிற்று. பாலங்கள் பட்டியலில் நிலைத்துவிட்டன. அவற்றின் ஆயத்தொலைவுகள் பல, பழைய தேசிய வரைபடங்களில் அளந்து எடுத்தவை. நாட்டுக்கு நாடு வேறுபட்ட அந்த அளவை முறைகளுக்கும் ஜிபிஎஸ் பயன்படுத்தும் முறைக்கும் நூறு மீட்டர் அளவில் வேறுபாடு வரலாம். ஐகாவோ 1998 ஜனவரி 1 முதல் எல்லோருக்கும் ஒரே அளவை முறையை விதித்தது. ஆனால் கிளப்பின் பழைய பட்டியலைத் திருத்தியது ஐகாவோ அல்ல, அங்கிருந்த உறுப்பினர்தான்.

அப்படிப்பட்ட உழைப்பு இந்தத் துறையை ஓட்டிக்கொண்டிருக்கிறது. உலகெங்குமுள்ள திருப்புப் புள்ளிகளைத் திரட்டி, பல கருவிகளுக்கான வடிவங்களில் தரும் ‘சோரிங் டர்ன்பாயிண்ட் எக்ஸ்சேஞ்ச்’ பல்லாண்டுகளாக நடப்பது, சூரிய இயற்பியலாளரான ஜான் லைபாக்கரின் தன்னார்வப் பணியில். ‘ஓப்பன்ஏஐபி’ என்ற கூட்டுத் தொகுப்பில் உள்ளூர்க்காரர்களே விமானத் தளங்களையும் எல்லைகளையும் திருத்துகிறார்கள்.

வழிப்புள்ளிக் கோப்புகளில் பரவலானது ஸ்லோவேனியாவின் நாவிட்டர் நிறுவனத்து ‘கப்’ வடிவம். காற்புள்ளியால் பிரிந்த ஒரு வரிதான் ஒரு இடம்: பெயர், நாடு, அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், வகை, ஓடுபாதையின் திசை, நீளம், அலைவரிசை, குறிப்பு. ஒவ்வொரு கட்டமும் வேறு வேறு வேகத்தில் பழசாகிறது என்பதுதான் வேடிக்கை.

ஓடுபாதை எண்ணை எடுத்துக்கொள்வோம். அது காந்தத் திசையைப் பத்தால் வகுத்த எண். பூமியின் காந்தப்புலம் நகர்வதால், பாதை இருந்த இடத்தில் இருக்க எண் மாறும். லண்டனின் ஸ்டான்ஸ்டெட் 2009-இல் 05/23 என்பதை 04/22 ஆக்கியது. அலைவரிசையோ ஒரே அலையில் பழசானது. ஐரோப்பா 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியிலிருந்து 8.33-க்கு மாறியபோது, 2018-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிறு தளங்களின் சேனல்கள் மாறின. 122.500 என்று எழுதியிருந்த இடத்தில் 122.505 வந்தது. பட்டியல் முழுவதையும் ஒருவர் உட்கார்ந்து திருத்த வேண்டியிருந்தது.

எண்ணை எழுதும் முறையிலேயே பிசகு நுழையும். கப் வடிவம் பாகையையும் தசம நிமிடத்தையும் கேட்கிறது. 47 பாகை 12 நிமிடம் 34.5 வினாடி என்று வரைபடத்தில் பார்த்தவர், அவசரத்தில் 12.345 நிமிடம் என்று தட்டிவிடுகிறார். கருவி ஏற்றுக்கொள்ளும். புள்ளி 400 மீட்டருக்கு மேல் தெற்கே நகர்ந்திருக்கும். கடல்மட்டத்திலிருந்து 600 மீட்டர் உயரத்தில் இருக்கும் தளத்தை 600 அடி என்று பதிந்தால் விளைவு இன்னும் கடுமை. கருவியின் கணக்கில் விமானிக்கு 417 மீட்டர் உயரம் இனாமாகச் சேர்ந்துவிடும். ஒரு மீட்டர் இறங்கி நாற்பது மீட்டர் போகும் கிளைடருக்கு அது சுமார் 17 கிலோமீட்டர். இல்லாத உயரத்தை நம்பி, இடையில் இருந்த நல்ல வயலைத் தாண்டிப்போய்விடுவார்.

வயல் என்றதும் இந்தத் தரவுகளிலேயே சீக்கிரம் கெட்டுப்போவது நினைவுக்கு வருகிறது. ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளில் அவசரமாக இறங்கத்தக்க புல்வெளிகளின் பட்டியல்களைப் பிரெஞ்சு, ஆஸ்திரியக் கிளைடர்காரர்கள் படங்களோடு தொகுத்து வருகிறார்கள். இவை எந்த அரசு ஆவணத்திலும் வராது. சோளம் ஆளுயரம் வளர்ந்தாலும், விவசாயி வேலி போட்டாலும், சூரிய மின்தகடுகள் வரிசைகட்டி நின்றாலும் வியாழக்கிழமை அறிவிப்பு கிடையாது. நடந்துபோய்ப் பார்த்தவர் சொன்னால்தான் உண்டு. ஆகவே அத்தகைய பட்டியலில் இடத்தின் பெயரைவிடக் கடைசியாகப் பார்த்த தேதிக்கு மதிப்பு அதிகம்.

நோட்டம்

இருபத்தெட்டு நாள் சுற்றுக்குள் அடங்காத தற்காலிக மாற்றங்களுக்கு வேறு அறிவிப்பு உண்டு. அதன் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கம் தமிழ்க் காதில் ‘நோட்டம்’ என்றே விழும். பொருளும் பொருந்திவிடுகிறது, தினமும் நோட்டம் விட வேண்டியது அது. விமானக் கண்காட்சி, ராணுவப் பயிற்சி, காட்டுத்தீ அணைக்கும் விமானங்கள் என்று காரணங்கள் பல. 2012 லண்டன் ஒலிம்பிக்கையொட்டி ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை தென்கிழக்கு இங்கிலாந்தில் பெரும் கட்டுப்பாடு இருந்தது. கிளைடருக்கு அது உச்ச சீசன். ஒரு மாதம் நீளும் கட்டுப்பாட்டைக் கோப்பில் சேர்த்துவிடலாம். நாளை மதியம் இரண்டு மணி நேரம் மட்டும் உயிரோடு இருக்கும் வட்டத்தை என்ன செய்வது? கோப்பில் நிரந்தரமாக வைத்தால் தினமும் வீண் எச்சரிக்கை ஒலிக்கும். பத்து முறை பொய்யாக ஒலித்த மணியைப் பதினோராம் முறை யாரும் மதிக்க மாட்டார்கள். வைக்காவிட்டால் விமானி மதியம் மாட்டிக்கொள்வார். ஓப்பன்ஏர் மொழியின் புதிய விரிவில் செயல்படும் நேரத்தையும் அலைவரிசையையும் குறிக்க இடம் கொடுத்திருப்பது இதற்காகத்தான். ஆனால் அதைப் படிக்கும் கருவியும் வேண்டும்.

போட்டி தரும் பாடம்

கிளைடர் போட்டிகளில் இந்தக் குழப்பம் பெருமளவு காணாமல் போகிறது என்பது கவனிக்கத்தக்கது. அமைப்பாளர் ஒரு வான்வெளிக் கோப்பும் ஒரு புள்ளிக் கோப்பும் வெளியிடுகிறார். எல்லோரும் அதையே ஏற்ற வேண்டும். மாலையில் பதிவுக்கருவியின் தடத்தை அதே கோப்போடு ஒப்பிட்டுத்தான் மதிப்பெண். எல்லை மீறியவருக்குத் தண்டம். அங்கே கோப்புக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், செல்லும் தேதி இருக்கிறது, தவறு கண்டால் போய்ச் சொல்ல ஒரு மேசை இருக்கிறது. போட்டி முடிந்த மறுநாள் அதே விமானி வீடு திரும்பிப் பறக்கும்போது இந்த மூன்றும் இல்லை.

இன்னொரு நுட்பமும் இதில் உண்டு. பறந்த தடங்களை ஆண்டு முழுதும் திரட்டி ஒப்பிடும் இணையப் போட்டிகள், போன மாதப் பறப்பை இன்றைய எல்லையோடு ஒப்பிட்டால் அநியாயமாகும். பறந்த நாளின் எல்லை வேண்டும். தரவைப் புதுப்பிப்பவர் பழையதை அழிக்காமல், எதிலிருந்து எதுவரை செல்லும் என்று குறித்து வைக்கவும் வேண்டும்.

முன்னிருக்கும் வழிகள்

முதல் வழி, அரசே கருவி படிக்கும் வடிவில் தருவது. அமெரிக்க விமானத் துறை தன் தரவை 28 நாளுக்கு ஒருமுறை இலவசமாகத் தருகிறது. 2021 பிப்ரவரி முதல், கண்ணால் பார்த்துப் பறப்போருக்கான வரைபடங்களையும் ஆறு மாதச் சுற்றிலிருந்து 56 நாள் சுற்றுக்குக் கொண்டுவந்துவிட்டது. வாக்கியத்தை மனிதர் கோப்பாக்கும் இடைவேலை இதில் குறைகிறது. ஐரோப்பாவில் நாட்டுக்கு நாடு காப்புரிமையும் விலையும் வேறுபடுவதால், எல்லை தாண்டிப் பறக்கும் கிளைடருக்கு ஒரே சீரான மூலம் அமைவது கடினமாகவே இருந்துவந்திருக்கிறது.

இரண்டாவது, சங்கம் பொறுப்பேற்பது. ஜெர்மன் ஏரோ கிளப் தன் நாட்டு வான்வெளிக் கோப்பைத் தானே வெளியிடுகிறது. பயன்படுத்துவோருக்கும் தொகுப்போருக்கும் நடுவில் தூரம் குறைவு என்பது இதன் பலம்.

மூன்றாவது, கருவியே போய் எடுத்துக்கொள்வது. எக்ஸ்சிசோர் போன்ற திறமூல மென்பொருளில் இணையம் இருந்தால் உள்ளிருந்தே கோப்பை இறக்கலாம். யுஎஸ்பி குச்சியைத் தேடி, டிரெய்லருக்கும் கிளப் கணினிக்கும் நடக்கும் வேலை மிச்சம். ஆனால் மூலத்தில் ஒரு பிழை நுழைந்தால், அது அன்று காலையே எல்லோர் திரைக்கும் போய்ச் சேரும். முன்பு பிழைகளும் தனித்தனியாக இருந்தன. இப்போது பிழையும் ஒன்றுபடும்.

நான்காவது, காலாவதி. மோதல் எச்சரிக்கைக் கருவியான ஃப்ளார்ம் 2004-இல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது. அதன் மென்பொருளுக்குக் கெடு வைத்திருந்தார்கள். தேதி தாண்டினால் கருவி வேலை செய்யாது. முணுமுணுத்தாலும் எல்லோரும் புதுப்பித்தார்கள். வான்வெளிக் கோப்புக்கும் அப்படியே செய்யலாமா? கெடு முடிந்த கோப்பு மறைந்துவிட்டால் விமானி ஒன்றுமில்லாத திரையோடு பறப்பார். பழைய எல்லைகளில் பெரும்பாலானவை இன்னும் சரியாகவே இருக்கும் என்பதால், முழுக்க மறைப்பது இருப்பதையும் இழப்பதாகும்.

இந்த நான்கில் எதுவும் தனித்து நிற்காது. அரசின் வடிவம் வந்தாலும் வயல்களுக்கு உள்ளூர்க் கண் வேண்டும். தானாக இறங்கினாலும் காலை அழுத்தத்தை விமானிதான் பதிய வேண்டும். எத்தனை நாளுக்கு ஒருமுறை புதுப்பிப்பது என்ற விவாதத்தில் காலம் செலவழிக்கிறோம். 28 நாள் என்ற விடை 1964-இலேயே கிடைத்துவிட்டது. விடை கிடைக்காதது, புதுப்பிக்காமல் விட்டதைப் பறப்பவர் எப்படி அறிவார் என்பதற்கு.

அதற்குப் பெரிய கண்டுபிடிப்பு தேவையில்லை. கருவியை முடுக்கியதும் கோப்பு எந்தச் சுற்றைச் சேர்ந்தது என்று முதல் திரையில் வரட்டும். இரண்டு சுற்று தாண்டிய கோடுகள் மங்கட்டும். சீசன் தாண்டியவை புள்ளிக்கோடாகட்டும். மறைய வேண்டாம், வயது தெரிந்தால் போதும். காகிதம் கேட்காமலே செய்துவந்த வேலை அது. தேதி இல்லாமல் இல்லை; தன் சனிக்கிழமைகளைச் செலவழித்துத் தொகுத்தவர் அதைக் கோப்பின் தலையிலேயே எழுதித்தான் அனுப்புகிறார், நட்சத்திரக் குறியிட்ட வரியில். படிக்காமல் தாண்டிப்போ என்று கருவிக்குச் சொல்லிவைத்திருக்கும் வரி அது.